நான்கு மடங்கு நீராவி

“ஆவணி 9, வியாழன். கிருமாம்பாக்கம், தண்டபாணி வீடு. மின்சாரமாக உள்ளே போவது ஒரு பங்கு, நீராவியாக வெளியே வருவது நான்கு பங்கு என்கிறான். நானும் தனியாகக் கணக்குப் போட்டேன். நான்கு பங்குதான் வருகிறது. பகல் சாப்பாடு அங்கேயே. மழை இல்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். தினம் நாலு வரி எழுதும் பழக்கம் வேலையில் இருந்தபோதே வந்தது. ஓய்வு பெற்ற பிறகு மழை, வெயிலையும் சேர்த்துக்கொண்டேன். இந்தக் குறிப்பை இங்கே எடுத்துப் போடக் காரணம் உங்களில் ஒருவர்தான். போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். மீட்டர் முத்திரையைப் பாருங்கள், பழைய பில்லோடு ஒப்பிடுங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வில்லியனூருக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. பொய்யே சொல்லாத ஒருவன் தப்பான கணக்கோடு வந்து நின்றால் என்ன செய்வது? அவன் நமக்கு வேண்டியவனாகவும் இருந்துவிட்டால்?

வெப்பத்தையும் நீராவியையும் அளப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மீட்டர் பொருத்துவது, திருத்துவது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். தண்டபாணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுதுவதற்கு அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். “பேரை மாத்திடு, ஆனா என்ன முட்டாளாக் காட்டாத” என்றான். பெயரை மாற்றியிருக்கிறேன். முட்டாளாகக் காட்டுவதற்கு அவன் முட்டாளாக இருக்க வேண்டுமே.

திருவாண்டார்கோயிலை அடுத்த ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் கருவிப் பிரிவில் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மேசை. எனக்குப் பொறுமை அதிகம், அவனுக்குக் கை அதிகம். மற்றவர்கள் தூக்கிப் போடச் சொன்ன கருவியை அவன் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டினால் அது ஓடும். ஓய்வு பெற்றதும் நான் கல்வெட்டுப் புத்தகங்களிலும் பழைய அரசிதழ்களிலும் விழுந்தேன். அவன் குளிர் இணைவில் விழுந்தான்.

குளிர் இணைவு என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்குள் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெப்பம் தருகின்றன. அதற்குக் கோடிக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு இல்லாமலே, சில உலோகங்களுக்குள் ஹைட்ரஜனைப் புகுத்தினால் மேசை மேல் வைத்தே அந்த வேலையை நடத்திவிடலாம் என்று போன நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிலர் அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. சிலருக்கு வந்தது போல் இருந்தது, ஆனால் அளவீட்டின் மேல் சந்தேகம் தீரவில்லை. இன்றும் அதை விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிருமாம்பாக்கத்தில் ஒருவன் இருந்தான்.

அன்று காலை வீட்டின் பின்னறைக்குக் கூட்டிப் போனான். முன்பு தவிட்டு மூட்டை போட்டு வைத்த அறை. மேசை மேல் கைத் தடிமனுக்கு ஒரு எஃகுக் குழாய். உள்ளே நிக்கல் பொடியும் ஹைட்ரஜனும், இரண்டு முனையும் மூடிப் பற்றவைத்தது. மேலே சூடாக்கும் கம்பிச் சுருள், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை. சின்ன பம்ப் ஒன்று மணிக்கு ஆறு லிட்டர் தண்ணீரை உறைக்குள் தள்ளியது. மறுபக்கம் ரப்பர் ஹோஸ் வழியாக வெளியே போயிற்று. சுருளுக்கும் பம்புக்கும் சேர்த்து மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம். வெளியேறும் இடத்தில் தெர்மாமீட்டர் நூறுக்கு அரை டிகிரி மேலே காட்டியது.

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினான். எங்கள் மேசைப் பழக்கம் அது. ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்க்காமல் தனியே போட வேண்டும். போட்டேன். ஆறு லிட்டர் தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுவர இவ்வளவு, அதை நீராவியாக்க இவ்வளவு. கூட்டினால் உள்ளே போன மின்சாரத்தைப் போல் நான்கு மடங்கு. தாளைத் திருப்பிக் காட்டினேன். அவனும் தன் தாளைத் திருப்பினான். இரண்டிலும் ஒரே எண்.

அவன் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகன் பிறந்தபோது இனிப்போடு பிரிவுக்குள் நுழைந்த முகம் அது.

சாப்பிடும்போது அடுத்த திட்டத்தைச் சொன்னான். இதைப் போல் பத்து மடங்கு பெரியது. நெல் அவிக்கும் அரிசி ஆலை ஒன்றில் உமி அடுப்புக்குப் பதிலாக வைப்பது. அதற்காக பாகூர் ஏரிப் பாசனத்தில் இருந்த தன் ஒரே காணி நிலத்தை விற்பது. வாங்குகிறவர் பக்கத்து நிலத்துக்காரர். பேச்சு முடிந்து, ஆவணி 23 முகூர்த்த நாள், அன்று பதிவு. அவன் தாத்தா காலத்து பிரெஞ்சுப் பத்திரத்தைக்கூட எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தான்.

நிலம் அவன் பேரில். அதில் பயிர் வைத்தது அவன் மனைவி வசந்தா. அவன் தொழிற்சாலையில் இருந்த அத்தனை வருடமும் நாற்று விட்டதும் ஆள் கூட்டியதும் மடை திறக்கச் சண்டை போட்டதும் அவள்தான். நான் கிளம்பும்போது ரோடு வரை கூடவே வந்தாள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணே, அவுரு சொன்னா நான் ஒத்துக்க மாட்டன். அவுரு ஆசைல சொல்வாரு. நீங்க கணக்கு பாத்துட்டீங்க இல்ல? நீங்க சரின்னா நான் கையெழுத்துக்கு வர்றன்” என்றாள்.

கடலூர் பக்கமிருந்து பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காணி நிலம் இப்போது என் தாளில் இருந்த எண்ணின் மேல் நிற்கிறது என்பது தவளக்குப்பம் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வாரம் அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் நான்குதான் வந்தது. கணக்கில் தப்பில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், பிள்ளைகளே. கணக்கில் தப்பு இல்லாதபோதுதான் நமக்குக் கண் மறைக்கிறது.

ஆவணி 16 அன்று மறுபடி போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் போனில் கூப்பிட்டாள். பின்னறைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். வீட்டுக்குள் ஆவி அடித்தால் சுவர் ஊறிவிடும் என்று வசந்தா சொன்னதால், ஹோஸை ஜன்னல் விளிம்பின் மேலே ஏற்றி வெளியே இறக்கி, ஓலை மூடிய ஒரு குழிக்குள் விட்டிருந்தான். ஓலையின் இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. மகள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆறு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் முழுக்க ஆவியாக வேண்டுமென்றால் அந்தக் குழி புகைந்து தள்ள வேண்டும். கொல்லையே வெள்ளையாகியிருக்க வேண்டும். அங்கே வந்துகொண்டிருந்தது இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினால் வருகிற அளவு. ஓலையை நகர்த்திக் குனிந்தேன். ஹோஸ் வாயில் சீறல் இல்லை. குழந்தை வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். விட்டு விட்டு வந்தது.

அப்போதுதான் நாங்கள் எங்கே விழுந்தோம் என்பது தெரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் நீராவிக் குழாயின் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீரைப் பிரித்து வெளியே தள்ளும் சாதனம் உண்டு. ஸ்டீம் டிராப் என்போம். அதைப் பராமரித்தது வேறு பிரிவு. எங்கள் மீட்டருக்கு வந்து சேரும்போது நீராவி எப்போதும் ஈரம் நீங்கிக் காய்ந்தே வரும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் முப்பது வருடமாக, ஒரு கிலோவில் எவ்வளவு வெப்பம் என்று சொல்லும் நீராவி அட்டவணையில் காய்ந்த நீராவிக்கான ஒரே பத்தியைத்தான் பார்த்தோம். விரல் தானாக அங்கே போய் நிற்கும். தண்டபாணியின் ஹோஸில் வந்ததில் கொஞ்சம்தான் ஆவி. மீதி கொதிநிலையில் இருந்த வெறும் தண்ணீர். தண்ணீரை நூறு டிகிரிக்குச் சூடாக்குவது மலிவான வேலை. அதை ஆவியாக்க ஏழு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆவியாகாத தண்ணீரையும் ஆவி என்று எழுதிவிட்டால், இல்லாத வெப்பம் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தெர்மாமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொதிக்கும் தண்ணீரும் நூறு, அதிலிருந்து எழும் ஆவியும் நூறு. அந்த அரை டிகிரி மட்டும் ஏன்? ஜன்னல் ஏறி இறங்கும் ஹோஸில் தண்ணீர் தேங்கி அடைத்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் ஏறும், கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான்.

இதெல்லாம் என் ஊகம். ஊகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், “தப்பு, நிலத்தை விற்காதே” என்று சொல்லியிருக்கலாம். வசந்தாவும் அதைத்தான் விரும்பியிருப்பாள். ஆனால் என் பேச்சுக்காக அவன் நிறுத்தினால், கடைசி வரை ஒரு பெரிய விஷயத்தை நான் தடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பான். நிறுத்தாமல் போனால் நிலமும் போகும், நட்பும் போகும். எண்ணைச் சொல்ல வேண்டியது நானல்ல. அவனே நம்பும் ஒரு பொருள் சொல்ல வேண்டும்.

உள்ளே போய், டிரம்மில் இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் புரிந்துகொண்டான். தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவுக்கும் சாயப் பிரிவுக்கும் இடையே, யார் எவ்வளவு நீராவி எடுத்தார்கள் என்று தகராறு வந்தபோது செய்த பழைய வழி அது. பச்சைத் தண்ணீரை அளந்து டிரம்மில் ஊற்றி, ஹோஸ் வாயை அதில் முக்கிவிட வேண்டும். ஆவியாக வந்தாலும் தண்ணீராக வந்தாலும் கொண்டுவந்த வெப்பத்தை டிரம்மில் கொட்டிவிட்டுத்தான் தீர வேண்டும். எந்த அட்டவணையும் தேவையில்லை.

அவன் முகம் சுருங்கியது.

“என்ன நம்பலியா?”

“உன்ன நம்பறன்டா. ஹோஸ நம்பல.”

பிறகு ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுவரில் ஏதோ பெருக்கினான், வகுத்தான். இருபத்தெட்டு டிகிரியில் அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீர், ஒரு மணி நேர ஓட்டம். தன் கணக்கு சரியென்றால் டிரம்மின் சூடு எண்பத்து நான்குக்கு வர வேண்டும் என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டான். “கைய வச்சா தோலு உரியும். பாத்துக்க” என்றான். என் எண் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முடிவு தெரிவதற்கு முன்னால் எது வந்தால் தோற்றதாக ஒப்புக்கொள்வோம் என்பதை எழுதிவைப்பது பெரிய நேர்மை. அவன் யாரும் கேட்காமல் செய்தான்.

ஆவணி 20 அன்று வைத்துக்கொண்டோம். பதிவுக்கு இன்னும் மூன்று நாள். வசந்தாவின் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைக் காலி செய்து, குடத்தால் அளந்து நிரப்பினோம். ஹோஸை ஜன்னலிலிருந்து இறக்கி டிரம்மின் அடிவரை முக்கினோம். முன்மதியம் ஆரம்பித்தது. பாதி நேரம் ஓடியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உங்களில் யாராவது நீராவியைத் தண்ணீருக்குள் விடும் வேலை செய்தால் உயிரைக் காப்பாற்றும் விஷயம் இது. சுருள் அணைந்தது, பம்ப் நின்றது. ஆவி வரத்து நிற்கிறது. ஹோஸுக்குள் இருக்கும் ஆவி டிரம் தண்ணீரின் குளிர்ச்சியில் சுருங்கித் தண்ணீராகிறது. அந்த இடம் வெறுமையாகிறது. வெறுமை டிரம்மிலிருக்கும் தண்ணீரை மேலே உறிஞ்சும். அந்தப் பச்சைத் தண்ணீர் போய்ச் சேரும் இடம், முந்நூறு டிகிரிக்கு மேல் காய்ந்து நிற்கும் ஹைட்ரஜன் அடைத்த குழாய். ஆலைகளில் இதைத் தடுக்கக் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்திருந்தோம். ஆலையில் அதைப் பொருத்தியதும் வேறு பிரிவுதான்.

தண்டபாணி இன்வெர்ட்டரை நோக்கி ஓடினான். சோதனை கெட்டுவிடக் கூடாது என்பது அவன் கவலை. அப்படி ஓடுவது இயல்பு, உங்களுக்கும் கால் அந்தப் பக்கம்தான் போகும். நான் டிரம்முக்கு ஓடினேன். ஓடுவதற்குள் ஹோஸ் நடுங்க ஆரம்பித்திருந்தது. வெளியே இழுத்தேன். இழுத்த வேகத்தில் ஹோஸ் வாயிலிருந்து கொதிநீர் பெருகி என் வலது பாதத்தில் கொட்டியது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

வசந்தா சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். “நெலத்த வித்தா போவட்டும், ஆள வித்துடாதீங்க ரெண்டு பேரும்” என்று திட்டிக்கொண்டே ஊற்றினாள். தண்டபாணி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் நான் மெதுவாகச் சொன்னேன், பார், ஹோஸில் வந்தது தண்ணீர் என்று. அவன் யோசித்தான். டிரம்மிலிருந்து உறிஞ்சின தண்ணீரும் ஹோஸுக்குள் ஏறியிருக்கும், கொட்டியது அதுவாகக்கூட இருக்கலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. பாதம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம். கொட்டியது கொதித்தது உண்மை, ஆனால் மேலிருந்து வந்ததா கீழிருந்து போய்த் திரும்பியதா என்று என்னால் ஆணையிட்டுச் சொல்ல முடியாது. காயம் பட்டதற்காக ஒரு சான்று வலுவாகிவிடாது. மறுபடி செய்வோம் என்றேன்.

மறுநாள் காலையிலேயே அவன் ஹோஸின் மேல்பக்கத்தில் ஒரு கிளைக் குழாய் வைத்து, திருகு மூடி போட்டுத் தயாராக இருந்தான். கரண்ட் போனால் அந்தத் திருகைத் திறந்து காற்றை உள்ளே விடுவது வசந்தாவின் பொறுப்பு. அவள் ஸ்டூல் போட்டு, கையில் ஈரத் துணியோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் காலில் கட்டோடு நாற்காலியில். மின்சாரத்தை அளக்க என் சொந்த மீட்டரைக் கொண்டுபோயிருந்தேன்.

மிஷின் ஓடியது. தண்டபாணி டிரம்மைக் கட்டையால் கலக்கிவிட்டான். கால் மணி ஆனதும் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்தான், அரை மணி ஆனதும் ஒரு முறை பார்த்தான். அதன் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான். அந்த அரை மணியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்தும் நேரம் முடியும் வரை சீராகக் கலக்கிக்கொண்டே இருந்தான். முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்ததற்கு அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நேரம் முடிந்ததும் ஹோஸை எடுத்தோம். நான் தெர்மாமீட்டரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை டிரம்முக்குள் விட்டான். அப்படியே வைத்திருந்தான்.

“குளிக்கற பதம்” என்றான்.

வசந்தா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சந்தோஷத்தையும் காட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தான். சுவரில் வட்டம் போட்டு வைத்திருந்த எண்ணைப் பார்த்தான், அழிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றான்.

“நாம அந்த ஒரு பத்தியத்தான பாத்தோம்” என்றான். நான் விளக்கவே தேவைப்படவில்லை.

“ஆமா. நானும்தான்.”

இதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததே இதற்கு அடுத்து நடந்ததற்காகத்தான்.

தெர்மாமீட்டர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது டிரம்மில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. மீட்டரைப் பார்த்தேன், சரியாக ஒரு யூனிட். மனதுக்குள் கணக்கு ஓடியது. உள்ளே போன மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாமல் அத்தனையும் டிரம்முக்கு வந்திருந்தால் நாற்பத்தொன்று. உறையிலும் ஹோஸிலும் வழியில் இழந்தது போக, நாற்பதுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். நிற்பது நாற்பத்திரண்டு.

இரண்டு டிகிரி. எண்பத்து நான்குக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நான்கு மடங்கு என்பது செத்துப் போய்விட்டது. ஆனால் குளிர் இணைவுக்காரர்கள் வருடக்கணக்காகப் பிடித்துத் தொங்குவது இந்த மாதிரி மிச்சங்களைத்தான். தண்டபாணி திரும்பி இந்த எண்ணைப் பார்த்தால் என்ன ஆகும்? பதிவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நிலம் கைவிட்டுப் போகாது என்பதை இப்போதுதான் கண்ணால் பார்த்திருக்கிறாள் வசந்தா. தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்துவிட்டு, “நாற்பது” என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அவன் என் கையிலிருந்து வாங்கிப் பார்க்க மாட்டான், எனக்குத் தெரியும். வசந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த நொடியில் நான் நினைத்ததை உள்ளபடி சொல்கிறேன். நேர்மை, அறிவியல் என்றெல்லாம் எதுவும் தோன்றவில்லை. தனக்கு எதிராக வந்த எண்ணை முழங்கை வரை கைவிட்டு ஏற்றுக்கொண்டவனிடம், அவனுக்குச் சாதகமான எண்ணை மறைப்பதா என்று மட்டும்தான் தோன்றியது. அப்படி மறைத்தால் அவனை நான் குழந்தையாக நடத்துகிறேன் என்று பொருள். அவனைத் தாங்க முடியாதவன் என்று நானே முடிவுகட்டுகிறேன் என்று பொருள்.

“தண்டபாணி, நாப்பத்திரண்டு காட்டுது. நாப்பதுலதான் நிக்கணும்” என்றேன்.

அவன் சட்டென்று திரும்பினான். வந்தான். தெர்மாமீட்டரை வாங்கி, மறுபடி டிரம்மில் முக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மீட்டரைக் குனிந்து பார்த்தான். கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். வசந்தா ஈரத் துணியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். துணியில் ஈரமே இல்லை.

அவன் டிரம்மைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். ஜன்னல் வழியாக டிரம்மின் ஒரு பக்கத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தான். பிறகு வசந்தாவைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

“ரெண்டு டிகிரிக்கு நெலத்த வித்தன்னா, இவ என்ன இதே டிரம்முல முக்கிடுவா” என்றான்.

“முக்கத்தான் போறன்” என்றாள் வசந்தா. “கைய நல்லா தொடைங்க மொதல்ல.”

அவன் துடைத்தான். அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நிலம் வாங்குகிறவருக்கு அங்கேயே நின்று போன் செய்தான். என்ன காரணம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “வூட்ல இன்னும் கணக்கு முடியலபா. மன்னிச்சுக்க” என்றான். போனை வைத்துவிட்டு, இந்தச் சம்பாவுக்கு என்ன நெல் போடப் போகிறாள் என்று வசந்தாவிடம் கேட்டான். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் அதைக் கேட்கிறான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவள் சொன்ன ரகத்தின் பெயரை அவன் தப்பாகத் திருப்பிச் சொன்னான். அவள் திருத்தினாள்.

அன்று பகலும் அங்கேதான் சாப்பிட்டேன். டிரம் தண்ணீரில் தண்டபாணி குளித்தான். வீணாக்க மனம் வரவில்லை என்றான்.

பின்வரிசையில் கேட்ட பெண்ணுக்கு என் பதில் இப்போதும் முழுசாக இல்லை. பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. மெய்யாக நம்புகிறவன் கணக்கைத் திருத்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவனை எதிர்ப்பக்கம் நிறுத்தாதீர்கள், டிரம்முக்கு உங்கள் பக்கமாகக் கூட்டி வாருங்கள். வந்த பிறகு அவனிடமிருந்து எதையும் மறைக்காதீர்கள், அவனுக்குச் சாதகமானதைக்கூட. இன்னொன்றும் உண்டு. உங்கள் கைக்கு ஒரு பொருள் எப்போதும் ஒழுங்காகவே வந்து சேர்ந்தால், அதை ஒழுங்காக்கிக்கொண்டிருப்பது யார் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். நாங்கள் ஸ்டீம் டிராப் பிரிவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

அந்த இரண்டு டிகிரியைப் பற்றி. வெயில் காரணமாக இருக்கலாம். குடத்தின் அளவு சற்றுக் குறைந்து அறுபது லிட்டருக்குக் கீழே ஊற்றியிருக்கலாம். என் தெர்மாமீட்டர் நாற்பதை ஒட்டிய இடத்தில் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டலாம். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். புரட்டாசியில் சுருள் எரிந்துவிட்டது. அதற்குள் நடவு வந்துவிட்டதால் தண்டபாணி இன்னும் புதிதாகச் சுற்றவில்லை. இதை எழுதும் இன்றைய தேதி வரை, அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பது சரிபார்க்கப்படவில்லை.